தாளில் கறை விடாத பண்டம்

தாராவி ஓடைப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவனைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஆள் அந்தப் பக்கத்துக்குப் புதுசு என்று. அங்கேயே கிடந்து புழங்குகிற சனத்துக்குத் தோல் கிடங்கு நாற்றம் ஒரு நாற்றமாகவே படாது. மழைக்காலத்தில் ஓடை பொங்கி, சுண்ணாம்புத் தண்ணீரும் சாயத் தண்ணீரும் சந்துக்குள் ஏறி வரும். அப்போதும் பலகையைப் போட்டு அதன் மேல் அடுப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு குழம்பைக் கொதிக்க விடுவார்கள். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மாசானமும் அவன் பெண்டாட்டி பிச்சம்மாளும் அப்படித்தான் இருந்தார்கள். ஒரே மகள் தங்கமயில் அங்கேயே பிறந்தவள். பாட்டில் மூடி செய்கிற பட்டறைக்குப் போய்வந்தாள். வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு, வாசலைத் தாண்டினால் இந்தி.

மாசானத்துக்கு ஜெயினுலாப்தீன் முதலாளியின் கிடங்கில் கொழுப்பு வழிக்கிற சோலி. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி வந்த மாட்டுத் தோலைச் சரிவாக நிறுத்திய மரக்கட்டை மேல் போட்டு, வயிற்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் மேலிருந்து கீழாக வழிக்க வேண்டும். சவ்வும் கொழுப்பும் சுருள் சுருளாக உரிந்து காலடியில் விழும். பதனிட்டுக் காய்ந்த பிறகும் தோலில் பசை பாக்கி இருக்கிறதா என்று பார்க்க அவன் ஒரு வழி வைத்திருந்தான். பழைய பேப்பர்த் துண்டைத் தோலில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பான். அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பான். கறை கண்ணாடி மாதிரித் தெரிந்தால் தோலில் இன்னும் கொழுப்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துண்டைப் பார்த்த பிறகுதான் முதலாளி தோலை அடுத்த கைக்கு அனுப்புவார். அதில் மாசானத்துக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அறுபத்தாறாம் வருசம் மழை பிடித்த புதிதில் ஒரு நாள் முற்பகல், கத்தியைப் பாதித் தோலில் நிறுத்திவிட்டு அவன் கட்டை மேலேயே கவிழ்ந்து படுத்தான். வாயு பிடித்துக்கொண்டது, ஒரு சோடா வாங்கிட்டு வாங்க என்று சொன்னானாம். சோடாவைக் குடித்தும் ஏப்பம் வரவில்லை. வேர்வை மட்டும் ஊற்றாக ஊற்றியது. முதலாளி ஆளைப் பார்த்ததுமே டாக்சி பிடித்துவரச் சொல்லிவிட்டார். நாற்றத்துக்குப் பயந்து டாக்சிக்காரன் முரண்டு பண்ண, முதலாளி தானே முன்னால் ஏறி உட்கார்ந்து, இந்தியில் நாலு வார்த்தை திட்டி வண்டியைக் கிளப்பினார். சயானில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பிச்சம்மாள் கைச் சாம்பலோடு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு முதலாளி தனக்குப் பழக்கமான மாதுங்கா டாக்டர் வேங்கடசுப்ரமணியனிடம் அனுப்பிவைத்தார். தமிழ் பேசுகிற டாக்டர் என்பதே பிச்சம்மாளுக்குப் பாதி மருந்து. நல்ல மனுசர். கிடங்கு வாசனையோடு வந்தவனை முகம் சுளிக்காமல் தொட்டுப் பார்த்தார், முதுகில் தட்டிப் பார்த்தார், கையைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"ரத்தக் குழாய்ல கொழுப்பு படிஞ்சு அடைச்சுண்டிருக்கு. அதான் மார்வலி. நெய், எண்ணெய், தேங்காய், மாமிசம், முட்டை எல்லாத்தையும் நிறுத்திடணும். மீனும் இப்பத்திக்கு வேண்டாம். எளிசா ஜீரணம் ஆறதாக் குடுங்கோ."

மாசானம் நெஞ்சைத் தடவிக்கொண்டே கேட்டான். "டாக்டரய்யா, அத வழிச்சி எடுக்க முடியாதா?"

டாக்டர் சிரித்துவிட்டார். அதற்கான கத்தியை இன்னும் யாரும் செய்யவில்லை என்றும், செய்தால் முதலில் அவனைத்தான் கூப்பிடுவேன் என்றும் சொன்னார். மாசானமும் சிரித்தான். பிச்சம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. புருசன் தினமும் வழிக்கிற அந்த வெள்ளைச் சவ்வு அவன் நெஞ்சுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு கிடப்பது மாதிரி அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதல் வேலையாக எண்ணெய்ப் போத்தலையும் தேங்காய் மூடியையும் தூக்கிப் பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாளிடம் கொடுத்தாள். டாக்டர் பெயர் சொன்னதெல்லாம் சரி. பெயர் சொல்லாமல் விட்டதை என்ன செய்வது? உளுந்தில் கொழுப்பு உண்டா, கடலையில் உண்டா, பாலில் உண்டா? அதற்கு மாசானம்தான் வழி சொன்னான். கிடங்கில் தோலுக்குப் பார்க்கிற மாதிரி இதற்கும் பார்த்துவிட்டால் போச்சு என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கிலிருந்து அந்த வீட்டுக்குள் எந்தப் பண்டம் வந்தாலும் தாளில் தேய்த்துப் பார்க்காமல் அடுப்புக்குப் போகாது. ஈரப் பண்டமாக இருந்தால் தாளை அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கவிட்டுக் காயவைத்துப் பார்ப்பாள். மழையில் துணி காய்கிறதோ இல்லையோ, பேப்பர்த் துண்டுகள் காய்ந்துகொண்டிருக்கும். கடலை தோற்றது. முட்டைக் கரு தோற்றது. முறுக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மத்தி மீனை வைத்த துண்டு முழுவதுமே கண்ணாடியாகிப் போனது. அரிசி தேறியது. ரொட்டி தேறியது, பொரி தேறியது, சவ்வரிசி தேறியது. சீனியைக் கைநிறைய அள்ளித் தேய்த்தாலும் தாள் தாளாகவே இருந்தது. ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த கருப்பட்டியும் அப்படியே தேறியது. பிச்சம்மாளுக்கு அதில் ரொம்ப சந்தோசம்.

"பாத்தீரா, ஒரு பொட்டுக் கறை இல்ல. இது ஒம்ம நெஞ்ச ஒண்ணும் செய்யாது. வயிறு நெறயத் தின்னும்."

தின்னச் சொல்வது எளிது. அரிசிக்கு எங்கே போவது? ரேசனில் அரிசி பேருக்குத்தான் போட்டார்கள். மிச்சத்துக்கு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த சிவப்புச் சோளம். அதைப் பொங்கினால் தொண்டையில் நிற்கும், களி கிண்டினால் வயிற்றில் நிற்கும். மூன்று பேருக்குமான அரிசியைப் பிச்சம்மாள் அவன் ஒருத்தனுக்கே வடித்தாள். தாயும் மகளும் சோளத்தைத் தின்றார்கள். சீனியும் அப்படியே. தங்கமயில் கறுப்புத் தேயிலையை இனிப்பில்லாமல் குடித்துவிட்டுப் பட்டறைக்குப் போனாள், ஒரு நாளும் மூக்கால் அழவில்லை. அரிசி போதாத வாரத்தில் முப்பிடாதியம்மாள் கைகொடுத்தாள். அவள் கல்யாணுக்கு அப்பால் போய், சேலைக்குள் வயிற்றைச் சுற்றிக் கள்ள மார்க்கெட் அரிசியைக் கட்டிக்கொண்டு ரயிலில் வருகிறவள். போலீஸ்காரன் உற்றுப் பார்த்தால் இடுப்பில் கையை ஊன்றிப் பெருமூச்சு விடுவாள். மாசமாக இருக்கிறவளை எவன் தொடுவான்? அந்த வருசத்தில் அவள் சுமந்த பிள்ளைகளுக்குக் கணக்கில்லை என்று சந்தில் கேலி பேசுவார்கள்.

முதலில் மாசானம் மறுத்தான். பெண்டாட்டியும் பிள்ளையும் சோளத்தை மென்றுகொண்டிருக்க வெள்ளைச் சோற்றில் கை வைக்க அவனுக்குக் கூசியது. தட்டைத் தங்கமயில் பக்கம் தள்ளுவான். அவள் திருப்பித் தள்ளுவாள். கடைசியில் பிச்சம்மாள் எதிரே வந்து உட்கார்ந்துகொள்வாள். அவன் தின்று முடிக்கிற வரைக்கும் அவள் கண் தட்டைவிட்டு அகலாது. எண்ணெய் இல்லாத குழம்பும் ரசமும் வெறும் தண்ணீராக இருக்கும். அதனால் சோறுதான் கூட இறங்கும். தின்ற கொஞ்ச நேரத்திலேயே பசிக்கிறது என்பான். பசி வந்துவிட்டது, ஆள் தேறிவிட்டார் என்று அவள் மறுபடி கஞ்சி வைத்து, சீனியை அள்ளிப் போட்டுக் கொடுப்பாள். கிடங்கில் இப்போது அவனுக்குக் கத்திச் சோலி இல்லை. உப்புத் தூவுவதும் தோலை எடுத்து அடுக்குவதுமான சின்ன வேலையை முதலாளி கொடுத்திருந்தார். அங்கேயும் வேளைக்கு வேளை சீனித் தேயிலையும் ரொட்டியும் போய்ச் சேர்ந்துவிடும்.

மாசானத்துக்குக் கன்னம் உப்பியது. கத்தி பிடித்த காலத்தில் ஒட்டிக் கிடந்த வயிறு வேட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தது. சந்தில் நாலு பேர், செத்துப் பிழைத்த ஆள் மாதிரியா இருக்கிறான், பிச்சம்மா நன்றாகத்தான் கவனிக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அவள் சோளக் களியை இனிப்பு மாதிரித் தின்றாள். அவள் வாழ்க்கையில் யாரும் அவளைப் பாராட்டிப் பேசியது அதுதான் முதல் தடவை. பாவி மகளுக்கு அது பலிக்காமல் போனதே என்பதுதான் இன்றைக்கும் நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்த வெயிலில் அவனுக்குத் தாகம் தொடங்கியது. குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்து வைத்த குடத்துத் தண்ணீர் பொழுது சாய்வதற்குள் காலியாகும். வெக்கை என்றார்கள். கையில் சுண்ணாம்புப் புண் ஒன்று இருந்தது. கிடங்குக்காரன் கையில் புண் வருவதும் ஆறுவதும் ஒரு செய்தியா? இந்தப் புண் ஆறவில்லை. மஞ்சள் பற்றுப் போட்டாள், வேப்பிலை அரைத்து வைத்தாள். ஒரு பக்கம் காய்ந்தால் மறுபக்கம் கசிந்தது. நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றான். மறுபடி மாதுங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் புண்ணைப் பார்த்தார், தாகத்தைக் கேட்டார். மூத்திரம் பிடித்துவரச் சொல்லி, ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீரில் அதைச் சொட்டு விட்டு விளக்கில் காட்டினார். பிச்சம்மாள் கண் கொட்டாமல் பார்த்தாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. டாக்டரும் தன்னை மாதிரியே ஏதோ தேய்த்துப் பார்க்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. முடிவு நல்லதில்லை என்பதும் அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

"என்ன சாப்பிடக் குடுத்தேள்?"

அவள் ஒன்று விடாமல் சொன்னாள். எண்ணெயை வீட்டுக்குள் விடாததை, தாளில் தேய்த்துப் பார்த்ததை, ரேசன் அரிசி மொத்தத்தையும் அவருக்கே வடித்ததை, தங்கமயில் பங்குச் சீனியும் அவர் கஞ்சிக்கே போனதை. பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி சொன்னாள். டாக்டர் குழாயை வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உம்மேல தப்பில்லைம்மா. கொழுப்பை நிறுத்தச் சொன்னேன். அந்த எடத்துல எதை வைக்கணும்னு நான் சொல்லல. நீயும் கேக்கல. இப்பச் சக்கரை வியாதியும் வந்திருக்கு. இனிமே அரிசியும் குறைக்கணும், சீனி தொடப்படாது."

"அப்ப அரிசியும் நெஞ்சுக்கு ஆவாதாய்யா? தாள்ல கறையே விடலியே."

"ஆகாதுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். வெளிநாட்டுல பெரிய பெரிய டாக்டர்களே, கொழுப்புதான் காரணம்னு ஒரு கட்சி, சீனின்னு ஒரு கட்சியா இருக்கா. எனக்கும் நிச்சயமாத் தெரியல. ஒரு துண்டு மீன் சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாதுன்னு இப்பத் தோணறது. வேக வெச்சுக் குடு."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அந்த மட்டில் அவர் பெரிய மனுசர்தான். ஆனால் பிச்சம்மாளுக்குக் காலடியில் இருந்த பலகையை யாரோ உருவிவிட்ட மாதிரி இருந்தது. பஸ்ஸில் வரும்போது மாசானம் அவள் தோளை இடித்து, கொழுப்பும் ஆகாது, சோறும் ஆகாது, இனி எனக்குக் காற்றுதான், அதையாவது தாளில் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கொடு என்று கேலி பண்ணினான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் கையாலேயே ஊட்டி ஊட்டி இந்த நோயைக் கொடுத்துவிட்டோம் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் அவளுக்குள் போய் உட்கார்ந்தது.

அதற்கப்புறம் அவள் எதையும் நம்பவில்லை. டாக்டர் ஆகாது என்றதையும் கொடுக்கவில்லை, ஆகும் என்றதையும் கொடுக்கவில்லை. இரண்டு கவளம் சோளக் களி, கீரைத் தண்ணீர், ஆடை எடுத்த மோர். மாசானத்தின் கன்னம் வந்த வேகத்தில் வற்றியது. மழை விட்டு, கடலில் மத்தி கொழுத்துக் கிடக்கிற சமயம் அது. மீன் விற்கிற கோளிப் பொம்பிளை கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மத்தியை மராத்தியில் தார்லே, தார்லே என்று கூவிக்கொண்டு சந்துக்குள் வருவாள். அவள் குரல் கேட்டால் மாசானம் வாசலுக்கு வந்து நிற்பான். பழைய நாளில் அவன் சொல்லி வைத்து வாங்குகிறவன். தேங்காய் அரைத்துப் புளிக் குழம்பு வைத்து, மேலே எண்ணெய் மிதக்க மறுநாள் வைத்திருந்து தின்பதில் அவனுக்கு அப்படி ஒரு கிறுக்கு.

"ஏட்டி, ரெண்டே ரெண்டு வாங்கு. டாக்டரே திங்கலாம்னுட்டாருல்லா."

"அவரு மொதல்ல ஆவாதுன்னாரு. இப்ப ஆவும்ங்காரு. நாளைக்கு இன்னொண்ணு சொல்லுவாரு. நான் எத நம்பட்டும்?"

"எனக்கு ஆசையா இருக்கு பிள்ள. அத நம்பு."

அவன் அப்படிக் கெஞ்சி இதுவரை அவள் காதால் கேட்டதில்லை. வாங்கினாள். கழுவினாள். சட்டியை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் கை பழக்கத்துக்குப் பேப்பர்த் துண்டைத் தேடியது. தேய்த்துக் கொடியில் காயவைத்து எடுத்தாள். கொழுத்த மீன், உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அதற்குள்ளிருந்து வாசல் வெளிச்சம் பளீரென்று தெரிந்தது. அவள் அதை அவன் முன்னால் நீட்டினாள்.

"இது உள்ள போயி ஒட்டுனா என்ன செய்வீரு? ஒரு மட்டம் நம்பி நான் கெடுத்தது போதும். அடுத்த தடவ டாக்டர்ட்ட நல்லாக் கேட்டுக்கிட்டு ஆக்கித் தாரேன்."

அவன் கற்றுக்கொடுத்த வித்தைதான். அவன் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சரி, அடுத்த தடவை என்றான். மீன் முப்பிடாதியம்மாள் வீட்டுக்குப் போயிற்று. மத்தியானம் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் குழம்பு கொதித்தது. இந்தப் பக்கம் அவன் கீரைத் தண்ணீரில் களியைத் தொட்டுத் தின்றான். அந்த வாசனைக்கே ஒரு கவளம் அதிகமாக இறங்கியதாகச் சொல்லி அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தான்.

அடுத்த தடவை வரவில்லை. அதே வாரத்தில் ஒரு மத்தியானம், கிடங்குச் சுவரில் சாய்ந்து சீனி போடாத தேயிலையைக் குடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே இருந்துவிட்டான். கிளாஸ் மடியில் சரியாமல் நின்றதாம். அயர்ந்து தூங்குகிறான் என்று ஒருத்தரும் எழுப்பவில்லை. முதலாளிதான் வந்து தொட்டுப் பார்த்தார்.

கருமாதிக்கு மறுநாள், செத்தவர் ஆசைப்பட்டுத் தின்றதை ஆக்கி இலை போட்டுப் படைப்பது அவர்கள் வழக்கம். தாலி அறுத்தவள் மூலையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, நாங்கள் ஆக்குகிறோம் என்று முப்பிடாதியம்மாள் தடுத்தாள். பிச்சம்மாள் கேட்கவில்லை. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, தங்கமயிலை அனுப்பிக் கோளிப் பொம்பிளையைக் கூப்பிட்டுவரச் சொன்னாள். கூடையில் கையை விட்டுக் கொழுத்த மத்தியாகப் பொறுக்கினாள். அம்மியில் தேங்காயை வைத்து அரைத்தாள். ஒரு வருசத்துக்கு மேலாகத் தேங்காய் பார்க்காத அம்மி. புளியைக் கரைத்து ஊற்றிக் கொதி வந்ததும், முப்பிடாதியம்மாள் கொண்டுவந்து வைத்திருந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்தாள்.

எடுத்தவள் கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு சின்னக் கரண்டியைத் தேடி எடுத்து, அதில் பாதிக்கு ஊற்றி, அதிலும் கொஞ்சத்தைப் போத்தலுக்கே திருப்பி விட்டாள். பார்த்துக்கொண்டிருந்த தங்கமயில் கிட்டே வந்தாள்.

"எம்மா, நெறய ஊத்தும்மா. இனி என்ன?"

"ஆவாதுட்டி அவருக்கு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. தங்கமயில் போத்தலை மெல்ல வாங்கிச் சட்டியில் கவிழ்த்தாள். எண்ணெய் கொதிப்புக்கு மேலே ஏறிச் சிவப்பாகப் பரந்தது. அவன் கண்ணால் கண்டிருந்தால் அங்கேயே குந்தியிருப்பான்.

இலை போட்டார்கள். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். முப்பிடாதியம்மாள் கொண்டுவந்த அரிசியில் வடித்த வெள்ளைச் சோறு ஒரு பக்கம், மத்திக் குழம்பு ஒரு பக்கம். முதல் கை பெண்டாட்டி வைக்க வேண்டும். பிச்சம்மாள் அகப்பையைப் பிடித்துக்கொண்டு இலைக்கு முன்னால் நின்றாள். சோற்றுப் பானையைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். மறுபடி பானையைப் பார்த்தாள்.

"எதக் கூட வைக்க? சோத்தையா, மீனையா? ரெண்டுல எது அவரக் கொண்டுபோச்சுன்னு தெரிஞ்சவுக ஆராவது சொல்லுங்க. நான் படிச்சவ இல்ல. தெரியாம எதத்தான் நான் எலையில வைக்கட்டும்?"

யாருக்குத் தெரியும்? செத்தவருக்கு எதுவும் ஒன்றும் செய்யாது, வை மதினி என்று முப்பிடாதியம்மாள் அவள் முதுகைத் தடவினாள். பிச்சம்மாள் கீழே உட்கார்ந்தாள். பானையிலிருந்து சோற்றை அள்ளி அள்ளி இலை நிறைய வைத்தாள். அதன் மேல் முழு மீனாகப் பார்த்து எடுத்து அடுக்கினாள். அடிச் சட்டிக் குழம்பைச் சாய்த்து ஊற்றினாள். எண்ணெய் இலையைத் தாண்டி ஓடியது. அவள் அதைத் துடைக்கவில்லை. எப்போதும் அவன் தின்று முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாளே, அதே மாதிரி இலைக்கு எதிரே உட்கார்ந்து, முதல் தடவையாக அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தின்னும். இன்னைக்கி நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."